எட்டாவது பெட்டி

மூன்று நாள் கச்சான் அடித்ததில்
மூக்கையூர் மணல்மேடு இடுப்பு சரிந்து
பதினோரு பெட்டிகள் வெளியே தெரிந்தன.
உள்ளிருந்ததை முன்னமே எடுத்துப்போய்விட்டார்கள்.
மரத்தில் இருந்த எழுத்தை உப்பு தின்றிருந்தது.

"போட்டுக்கு நம்பர் எழுதுகிறவரைக் கூப்பிடு"
என்றிருக்கிறார் எஸ்.ஐ. திலகராணி.
அப்படித்தான் நான் போனேன்,
அணியம் அணியமாக டி.என். பத்து, எம்.எம். என்று
முப்பத்தைந்து வருஷம் எழுதிய கையோடு.

மண்ணெண்ணெய்த் துணியால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது.
பெயின்ட் போனாலும்
பெயின்ட் காத்த மரம் மயிரிழை மேடாக நிற்கும்.
கண்ணை மூடிக்கொண்டால் விரலுக்குத் தெரியும்.

ஏழு, புள்ளி, அறுபத்திரண்டு.
"குண்டின் விட்டம்" என்று குறித்துக்கொண்டார் நிபுணர் குணபாலன்.
ஆயிரத்து இருநூற்றைம்பது. "எண்ணிக்கை."
பி, ஏ, இரண்டு எல்.
நான் 'பால்' என்றதும் காவலர் சிரித்தார், பந்து என்றார்.
"சாதாரணத் தோட்டா" என்றார் குணபாலன், சிரிக்காமல்.
அடியில் லாட் எண்.
ஒரே நாள், ஒரே மருந்து, ஒரே எந்திரம்.
ஒன்று வெடிக்காமல் போனால்
மொத்த லாட்டையும் தேடித்தேடித் திரும்ப வாங்குவார்களாம்.
அந்த வருஷம் எங்கள் கரையிலிருந்து போனவர்களை
அப்படி யாரும் திரும்பக் கேட்கவில்லை.

எட்டாவது பெட்டியில்
பச்சைக்கு மேல் வெள்ளை. தமிழ்.
நெத்திலிக் கருவாடு, 22 கிலோ.
இரண்டின் வால்
தூண்டில்முள் மாதிரி மேலே மடங்கியிருந்தது.

பத்தொன்பது வயது எனக்கு.
பெட்டிக்கு இரண்டு ரூபாய், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்,
கருவாடு மணக்காத கருவாட்டுப் பெட்டிகள்.
மூக்கு இருந்தது, கேட்கவில்லை.
அந்தக் காசில்தான் முதல் அணில்முடி பிரஷ் வாங்கினேன்,
இன்னும் பையில் கிடக்கிறது, கைப்பிடி மட்டும் மாற்றி.

"எழுத்தை வைத்து ஆளைச் சொல்வீர்களாமே,
இது யார் கை?"
"உப்பு தின்றுவிட்டது மேடம்" என்றேன்.
"வெள்ளை நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்.

பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
அவர் கடல் பக்கம் திரும்பினார்,
வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து.
லூர்துசாமியின் படகு அப்போதுதான் நங்கூரம் போட்டது.
போன மாதம்தான் எழுதிக் கொடுத்தேன்,
நம்பர் 1222.