நாற்பத்து மூன்று

ஜீனத் பேகம் வரைக்கும் நாற்பத்திரண்டு.
அதற்கப்புறம் நான்,
அச்சடித்த பட்டியலுக்குக் கீழே
பச்சை மையில்.

மதுரையில் பள்ளியிலும் சரி,
அந்த ஒரு வருடக் கல்லூரியிலும் சரி,
பதிவேடு திறந்தால் முதல் பெயர் என்னுடையது.
அங்கயற்கண்ணி என்பார்கள்,
உள்ளேன் என்பேன்,
அதோடு என் காது மூடிக்கொள்ளும்.
இங்கே நாற்பத்திரண்டு பேரையும்
கேட்டு முடித்த பிறகுதான்
நான் இருக்கிறேன்.

ஆகஸ்டு. காந்தல் விடுதியில்
திங்கட்கிழமை துவைத்த சுடிதார்
வியாழனன்றும் ஈரம்.
இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தி
லேசான கருகல் வாசத்தோடு
வகுப்புக்குப் போகிறேன்.

ஏன் மாறி வந்தாய் என்று கேட்டார்கள்.
அலுவலகத்தில், அப்பாவுக்கு வேலை மாற்றம் என்றேன்.
வார்டனிடம், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.
ஜீனத்திடம், அங்கே லேப் சரியில்லை.

அங்கே எதுவுமே நடக்கவில்லை.
சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய வேப்பமரத்தடியில்
ஒரு வருடம் தயிர்சாதம் சாப்பிட்டேன்.
யாரும் திட்டவில்லை, யாரும் கேலி செய்யவில்லை.
டி.சி. வாங்கப் போன அன்று
கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்,
நீ எந்த டிபார்ட்மென்ட்டும்மா?
கேட்டுவிட்டு எழுதினார்,
நடத்தை: நன்று.

இரண்டு தாள் இங்கே பொருந்தவில்லையாம்.
அவற்றை மட்டும்
முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத வேண்டும்.
அவர்கள் என்னை அக்கா என்கிறார்கள்.

என் வகுப்பில் யாராவது
'மஞ்சள் பஸ்' என்றால் போதும்,
பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள்.
போன வருடம் நடந்தது.
சொன்னால் புரியாது என்றாள் ஜீனத்.
சொல்லியும் பார்த்தாள்.
புரியவில்லை.

பதினெட்டு என்பார் மேடம்.
ஒரு மூச்சு விடுவார்.
இருபது என்பார்.
அந்த மூச்சு லோகித்.
எப்பநாட்டுக்காரன். முதலாண்டு முடித்ததும்
கோயம்புத்தூர்க் கல்லூரிக்கு இறங்கிவிட்டான்.
அவனுடைய லாக்கர்தான் எனக்கு.
உள்ளே பாதி குப்பி சஃப்ரனின்,
துருப்பிடித்த பிளேடு ஒன்று,
கதவின் உட்புறம் பென்சிலில்
'இழு, தூக்கு, பிறகு திருப்பு.'
திறந்த பிறகுதான் படிக்க முடியும்.

வெள்ளிக்கிழமை
நாங்கள் பெரணித் தண்டைச் சீவிக்கொண்டிருந்தபோது
வாசலில் ஒருவன் வந்து நின்றான்.
தலைமுடியெல்லாம் தூறல்.
பிளஸ் டூ அசல் சான்றிதழை
ஆபீஸில் விட்டுவிட்டுப் போயிருந்தானாம்.
டேய் என்று நாலு பெஞ்ச் எழுந்தது.
மேடம் கூட, சாப்பிட்டியாடா என்றார்.
யாரோ 'மஞ்சள் பஸ்' என்று கத்தினார்கள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான்,
அரை நொடி தள்ளி.

பேசிக்கொண்டே வந்தவன் கை
தானாக லாக்கரில் போய் நின்றது.
பூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கையை எடுத்துக்கொண்டான்.

இழுத்துத் தூக்கணும், என்றான்.
தெரியும், என்றேன்.
அங்க எப்படி?
நல்லாத்தான் இருக்கு.
ராத்திரி போனில் அம்மாவிடம்
இதே மூன்று அசைகளை
இதே இடைவெளி விட்டு நானும் சொல்கிறேன்.

உன் நம்பர் என்ன, என்று கேட்டேன்.
அறுபத்தொண்ணு.
மொத்தம் எத்தனை பேர்?
அறுபத்தொண்ணு, என்றான்.
மேட்டுப்பாளையம் வண்டிக்கு நேரமாயிற்று என்று
யாரிடமும் தனித்தனியாகச் சொல்லாமல் போனான்.

மணி அடித்தது.
சோற்று டப்பா லாக்கருக்குள்.
இழுத்தேன், தூக்கினேன், திருப்பினேன்.
அசையவில்லை.
வராந்தாவில் ஜீனத் குடையை விரித்துப் பிடித்தபடி,
நாப்பத்து மூணு, வர்றியா இல்லையா,
கை வலிக்குது என்கிறாள்.
மறுபடி இழுக்கிறேன்.