பஞ்சிகாவத்தையில் பி பிரிவு

ஓயில் ஃபில்டர் வந்த பெட்டியைப் பிரித்து
உள்பக்கம் கோடு போட்டேன்.
பத்துப் பேர். பத்துக்குப் பத்துக் கட்டம்.
ஒருவன் தன்னோடே மோதவேண்டிய கட்டங்களை மட்டும்
பில் எழுதும் பேனாவால் கறுப்பாக்கினேன்.

அங்கே மாலை ஆறரை, இங்கே மூன்று.
முதலாளி அசருக்குப் போக இன்னும் அரைமணி.
கல்குலேட்டரில் சாய்த்து வைத்த ஃபோனுக்குள்
ஒசாக்காவில் மணி அடிக்கிறது,
சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

வென்றால் இரண்டு புள்ளி.
முப்பது நிமிடம் முடியாமல் முடிந்தால் ஆளுக்கொன்று.
தோற்றால் ஒன்றுமில்லை,
ஆனால் வீட்டுக்கும் போக முடியாது.
எனக்குப் பிடித்தது அதுதான்.
வேறு போட்டிகளில் தோற்றவன் காணாமல் போவான்.
இதில் பஸ் ஏறி அடுத்த ஊர் போய்
நாளை மறுநாள் இன்னொருவனிடம் தோற்கவேண்டும்.
ஆடி மாதம் முழுக்க.

முராகோஷிக்கு நாற்பத்தேழு வயது.
எட்டு மோதல், எட்டும் தோல்வி.
முழங்காலில் சுற்றிய வெள்ளைப் பட்டி
ஊருக்கு ஒரு சுற்றுத் தடித்தது.
"ரீகண்டிஷன் முழங்கால்" என்றான் இர்ஷாத்,
ராக்கையின் உச்சியில் நின்று
வேகன் ஆருக்குப் பிரேக் பேட் தேடியபடி.

எனக்குத் தெரிந்த ஜப்பான் எழுத்து இரண்டுதான்.
சைட் மிரர் பெட்டிகளில் அச்சடித்திருக்கும்:
இடது, வலது.
திரையின் ஓரத்தில் ஓடிய வரியில்
அந்த இடதைக் கண்டேன்.
வேறொன்றும் விளங்கவில்லை. போதும்.

"எல்லாம் நடிப்பு அக்கா,
முன்னமே எழுதி வைக்கிறது" என்றான்
கேஸ்கட் வாங்க வந்த நுவன்.
இந்தத் தெருவில் நின்றுகொண்டா சொல்கிறாய்?
மீட்டர் திருப்பாத வண்டி ஒன்று காட்டு.
நாற்பதாயிரம் என்று அது சொல்லட்டும்,
நீ குனிந்து பார்ப்பது எதை?
பிரேக் மிதியின் ரப்பரைத்தானே.
தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கடைசி நாள்.
காலி வீதியில் வேல் இழுக்கிறார்கள்,
வெள்ளவத்தைப் பக்கத்து ஆட்கள் வரவில்லை.
நகாஹாராவுக்குப் பதினாலு புள்ளி.
வென்றால் இறுதிப் போட்டி,
சமன் என்றால்கூட வெளியே.
எதிரே பூச்சியத்தோடு நிற்கிறார் முராகோஷி,
வெல்ல எதுவும் மிச்சமில்லாதவர்.

பத்தாவது நிமிடம், விட்ஸுக்கு ஹெட்லைட் கேட்டு ஒருவர்.
பதினேழு, மிச்சக் காசு கூடிப்போய்த் திருப்பித் தந்தார்.
இருபத்திரண்டு, முராகோஷியைத் தலைகீழாய்த் தூக்கிப்
பலகை அதிரப் போட்டான்.
ஒன்று, இரண்டு,
தோளை எடுத்துவிட்டார்.
மறுபடி. ஒன்று, இரண்டு,
எடுத்துவிட்டார்.
நுவன் பணத்தைக் கையில் பிடித்தபடி
கேஸ்கட்டைக் கேட்கவில்லை.
முதலாளி தொழுதுவிட்டு வந்து
எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றதை
யாரும் கவனிக்கவில்லை.

இருபத்தொன்பதில் முராகோஷி
நகாஹாராவின் காலைக் கட்டிக்கொண்டார்.
மடக்கவில்லை, முறுக்கவில்லை.
புறப்பட்ட பஸ்ஸின் கம்பியைப் பிடித்தவன் போல
பிடித்தார், அவ்வளவுதான்.

மணி.

"அந்த ஆளுக்கு இப்ப எத்தனை?" என்றான் நுவன்.
"ஒன்று."
"வேலையைப் பாருங்க" என்றார் முதலாளி.
கொஞ்சம் கழித்து,
"யாரு, வெள்ளைப் பட்டி கட்டினவரா?"

இறுதிப் போட்டி நான் பார்க்கவில்லை.
அன்று ஸ்டொக் எடுத்தோம்.

வவுனியா பஸ்ஸுக்கு ஒரு ஷொக் அப்சோர்பர்,
பெட்டி ஒன்று குறைகிறது.
என் அட்டையை மடித்து டேப் ஒட்டினான் இர்ஷாத்,
எழுத்துப் பக்கம் உள்ளே.
பிரிக்கும் கை யாருடையதோ,
கிறீஸ் விரலோடு ஒரு நிமிடம் குழம்பட்டும்:
பத்துப் பெயர், நூறு கட்டம்,
பேனா அட்டையைக் கிழிக்கும்வரை
பூச்சியத்தின் மேல் அழுத்தி எழுதிய
ஒரு ஒன்று.