பதினெட்டு எம்எம்

உம்முல் குவைன், காயலோரம். ஆகஸ்ட். ராத்திரி ஷிப்ட்.
பதினாலாம் குடிலின் மேற்குச் சுவரை உரிக்கிறோம்.
மீனுக்கு வாலிலிருந்து செதில் எடுப்போம்,
மரச்சில்லுக்கு உச்சியிலிருந்து.
முதல் வரிசை காய்ந்த சத்தம் போட்டது.
மூன்றாவதில் ஆணி இழுக்காமலே வந்தது.
ஐந்தாவதில் கையோடு வந்தது மரமில்லை,
டீயில் விழுந்த ரஸ்க்.
பின்னால் பிளைவுட் கறுத்திருந்தது.
லீவு முடிந்து திறந்த டிபன் பாக்ஸின் வாடை.

"மழையே பெய்யாத ஊரில் ஈரம் எப்படி?"
பிஷ்ணு இந்தியில் கேட்டான்.
என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன்.
ஏசி அறையை விட்டு வெளியே வந்ததும்
பூத்துப்போகிறதே, அதேதான்.
உள்ளே பத்தொன்பது டிகிரி,
வெளியே கடல் குடித்த காற்று.
நடுவில் நிற்கிற சுவருக்கு வியர்க்கும்.
துடைத்துக்கொள்ள அதற்குச் சட்டை நுனி கிடையாது.
அதற்காகத்தான்
சில்லுக்கும் பலகைக்கும் நடுவே பதினெட்டு எம்எம்:
அடியில் ஒரு திறப்பு, உச்சியில் ஒரு திறப்பு,
வடிவது வடிய, காய்வது காய.

வரைபடத்தில் நிமிர்ந்த ரீப்பர், அதன்மேல் படுத்த ரீப்பர்.
சுவரில் படுத்தது மட்டும்.
ஒவ்வொன்றும் ஒரு குட்டி அணை.
அடித்திறப்பை ஃபோம் அடித்து அடைத்திருந்தார்கள்,
பல்லி வருகிறதென்று யாரோ விருந்தாளி புகார் சொல்லி.

"எவன் செய்த வேலை இது?"
மிஸ்ரி இன்ஜினியர் ஃபாத்தி டார்ச்சோடு வந்தார்.
நான் ஒரு ரீப்பரைத் திருப்பினேன்.
பென்சில் எழுத்து:
1170
சாப்பாடு 300
வீட்டுக்கு 700
ராவுத்தர் கடன் 120
மீதி 50.
ஈரம் மையைக் கரைக்கும், பென்சிலை விட்டுவிடும்.
ஏழுக்கு இடுப்பில் கோடு போடுகிற ஆள்
இந்த சைட்டில் நான் ஒருத்தன்தான்.

மூன்று வருஷம் முந்தி, திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்.
ஃபோர்மேன் சக்கரியாஸ் சொன்னார்:
"ஒரு அடுக்கு போதும், உள்ளே யார் பார்க்கப் போறா?"
சரி என்றேன்.
தெரியாமல் சொன்னதில்லை.

"நான்தான் சார்," என்றேன் இப்போது.
அவர் டார்ச்சை என் முகத்தில் அடிக்கவில்லை.
கணக்கின்மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
தமிழ் தெரியாது, கழித்தல் தெரியும்.
"இரண்டு அடுக்கும் போட எத்தனை நாள்?"
"பதினொன்று."
"ஏழு," என்றார். போனார்.

பதினொன்று எடுத்தோம்.
நாலு நாள் கூலி யார் தலையில் என்று இன்னும் முடிவாகவில்லை.
அந்த ரீப்பர் குப்பைத் தொட்டியில்.
புதியதில் ஒன்றும் எழுதவில்லை,
இந்த மாதமும் மீதி ஐம்பதுதான் என்றாலும்.

கடைசி நாள், சாயங்காலம் நாலு மணி.
மேற்கு வெயில் சில்லைச் சுட்டுக்கொண்டிருந்தது.
பிஷ்ணு குந்தி உட்கார்ந்து
அடிவலையருகே ஒரு இழுப்புப் புகையை ஊதினான்.
உள்ளே போனது.
இரண்டு பேரும் அண்ணாந்து நின்றோம்.
எங்கேயாவது மறந்திருப்பேனோ என்று
ரீப்பர் ரீப்பராக மனசுக்குள் ஏறினேன்.
பிஷ்ணுதான் முதலில் பார்த்தான்,
கூரை விளிம்பில்,
நூல் மாதிரி.