மதியத்துக்கு மேல்

காலை எட்டரைக்கு பிரஷோவ் ரயிலடியில்
ஏழு பேரை வண்டியில் ஏற்றினேன்.
பணம் எட்டுப் பேருக்கு வந்திருந்தது.
எட்டாவது ஆள் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பார்;
அவர் இருக்கையில் என் குடை உட்கார்ந்து வந்தது.

நெலு வண்டியைக் கிளப்பும் முன்பே
பின்னாலிருந்து கேள்வி வந்துவிட்டது:
அந்தப் பல் நீண்ட பிரபுவின் கோட்டை எப்போது?
பதினோரு வருடமாக இதற்கு
ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்.
மதியத்துக்கு மேல்.
மதியத்துக்கு மேல் எல்லாருக்கும் கால் வலிக்கும்,
பிரபுவை மறந்துவிடுவார்கள்.

முதல் கோபுரத்தில் தலை குனியச் சொன்னேன்.
டென்மார்க்காரர் குனியவில்லை.
பதினான்காம் நூற்றாண்டு அவர் நெற்றியில்
சின்னதாக ஒரு முத்திரை குத்தி அனுப்பியது.

இரண்டாவது ஊர் வரைபடத்தில் கடுகளவு.
தேவாலயத்துக்கு மட்டும் மதில்,
மதிலுக்குள் இன்னொரு மதில்.
கடவுளைக் காக்க இத்தனை கல்லா என்றாள்
கொரியாவிலிருந்து வந்த மாணவி.
கடவுளை இல்லை, பன்றிக்கொழுப்பை, என்றேன்.
சிரித்தார்கள்.
நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

கதவு பூட்டியிருந்தது.
அதில் ஒரு காகிதம், மழையில் பாதி கரைந்து:
'பல் மருத்துவரிடம் போயிருக்கிறேன். ஹெர்மினே.'
எப்போது போனாள், எப்போது வருவாள்,
ஒரு வரியும் இல்லை.

முற்றுகை என்றால் என்னவென்று
மூன்று மொழியில் விளக்கியிருக்கிறேன்.
செய்து பார்த்தது இன்றுதான்.
உழிஞை சூடாத படை:
இரண்டு தொப்பி, ஒரு குடை, ஒரு செல்ஃபிக் கம்பு.
ஸ்பெயின் சகோதரிகள் காலணியைக் கழற்றிவிட்டு
புல்லில் படுத்தார்கள்.
ஒரு பையன் வாளி நிறைய நீலப் பிளம் கொண்டுவந்து
எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தான்,
பிறகு விலை சொன்னான்.
கிழங்கு ஏற்றிய குதிரைவண்டி போனது.
அதே வண்டி காலியாகத் திரும்பியது.
உள்ளே கடிகாரம் மணி அடித்தது,
பூட்டிய வீட்டில் யாரோ இருமுவது போல.

இரண்டே முக்காலுக்குப் பேருந்திலிருந்து இறங்கினாள் ஹெர்மினே.
ஒரு கன்னம் மட்டும் ரொட்டி மாவாய்ப் பொங்கியிருந்தது.
வாயில் பஞ்சு. பேச்சு கிடையாது.
முழங்கை நீளச் சாவியைப் பையிலிருந்து எடுத்தாள்,
வெங்காயம் எடுப்பது போல.

அவள் கையால் சொன்னாள்,
நான் வாயால் சொன்னேன்.
கொழுப்புக் கோபுரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள்,
குடும்பத்துக்கு ஒன்று.
கொழுப்பின் அகலத்தை இரு உள்ளங்கைக்கு நடுவே காட்டினாள்;
ஒவ்வொரு வீட்டின் முத்திரைக்கும்
விரலால் காற்றில் ஒரு குத்து.

பிறகு முதல் கொக்கியைத் தொட்டாள்,
கையை மேற்கே வீசினாள்.
ஜெர்மனி, என்றேன்.
அடுத்த கொக்கி. மேற்கே.
அடுத்தது. மேற்கே.
நாலாவதுக்குப் பிறகு நான் மொழிபெயர்க்கவில்லை.
மேற்கே, மேற்கே, மேற்கே,
கோழி விரட்டும் கைதான், ஆனால் மெதுவாக.
கடைசிக்கு முந்தின கொக்கியில் நின்று
தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டாள்.
அதில் அவளுடைய மழைக்கோட்டு தொங்கியது.

அந்த நேரம் பார்த்து
நெற்றி வீங்கிய டென்மார்க்காரர் கேட்டார்:
பிரபு இந்தப் பக்கம் வந்ததுண்டா?
எப்படியாவது மழுப்பலாம் என்று திரும்பினேன்.
ஹெர்மினேவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
கைக்குட்டையைப் பிரித்து நீட்டினாள்.
உள்ளே கடைவாய்ப் பல்,
வேர் மூன்று, நல்ல நீளம்,
ரத்தம் இன்னும் காயவில்லை.

யாரும் படம் எடுக்கவில்லை.
மணி மூன்று இருபது.
மதியத்துக்கு மேல்தான்.

திரும்பும்போது ஆட்டு மந்தை குறுக்கிட்டது.
நெலு எஞ்சினை அணைத்துவிட்டு பிளம் தின்றான்.
என் கைபேசி அதிர்ந்தது: எட்டாவது ஆள்.
தூங்கிவிட்டாராம், வருந்துகிறாராம்,
முக்கியமாக ஏதாவது தவறிவிட்டதா?

ஆடுகள் கடக்கும்வரை யோசித்தேன்.
கோட்டை பூட்டியிருந்தது,
என்று எழுதி அனுப்பினேன்.