செய்கூலி

பதினெட்டுக்கு நாற்பது அடி.
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் இடப்பக்கம்.
அதை வடிவமைத்தவன் நான்.
பெயர் போட்டுக்கொள்கிற வேலையில்லை இது.

அம்பாரி தங்கமாளிகைக்கு ஆடி ஆஃபர்.
கழுத்து ஒருத்தியுடையது, காது வேறொருத்தியுடையது,
விரல்கள் எங்கிருந்து வந்தனவோ, ஃபோல்டரில் கிடந்தன.
பின்னணி அரக்குச் சிவப்பு:
மெஜந்தா நூறு, மஞ்சள் எண்பது, கறுப்பு முப்பத்தைந்து.
மேலே வெள்ளெழுத்தில், ஆளுயரத்துக்கு,

செய்கூலி இல்லை
சேதாரம் இல்லை

கவுஸ் பாய் சாரத்தில் ஏறி இழுத்துக் கட்டினார்.
மதிய வெயிலில் ஃப்ளெக்ஸ் கொதித்து
புதுச் செருப்பைப் போல நாறியது.

மாதனூரில் ஒரு ஷூ கம்பெனி.
ரேணுகா அங்கே நாக்கு தைப்பவள்.
ஷூவின் நாக்கு.
அதில் ஓர் இத்தாலிப் பெயர்;
நாளைக்கு நானூறு முறை தைக்கிறாள்,
எப்படி உச்சரிப்பது என்பதில்
அவர்கள் லைனில் இன்னும் இரண்டு கட்சி.
சித்திரை, வைகாசி, ஆனி,
மூன்று மாதச் சம்பளம் ‘ப்ராசஸில்’ இருக்கிறது.

ஒரு சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்தாள்.
மாட்டுக் கொட்டகைக்குக் கழிவு ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றாள்.
நீலம் கொடுத்தேன், வேண்டாம்.
பச்சை, வேண்டாம்.
அரக்குதான் வேண்டுமாம்.
மாட்டுக்கு என்ன நிறம் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.
எடையும் போடவில்லை.

மறுநாள் ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ்கள்
அந்த இடத்தில் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன.
‘செய்’ இருந்த இடத்தில் அரக்கு.
கீழ்வரி ‘இல்லை’யின் மேலும் அரக்கு.
ஒட்டு தெரியவில்லை. என் நிறம்தானே.

கூலி இல்லை
சேதாரம்

“இன்னாடி இது, நம்ம கதைய
நகைக்கடைக்காரன் எழுதி வச்சிக்கீறான்!”
ஜன்னலுக்கு ஜன்னல் தாவியது சிரிப்பு.
சூப்பர்வைசர் தன் பக்கத் திரையை
இழுத்துவிட்டுக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் அம்பாரியின் மேனேஜர் வந்தார்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
அவர் போனை நீட்டினார்: இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.
“காசு குடுத்தாக்கூட இப்படி ஓடாது தம்பி.
இதே ஸ்டைல்ல அடுத்தது போடு.”
வாசகமும் அவரே கொண்டுவந்திருந்தார்.

கூலி வந்தாச்சா?
அம்பாரிக்கு வாங்க!

இருட்டில் ஒருத்தி சாரம் ஏறி ஒட்டியதை
வெளிச்சத்தில் கொட்டேஷனில் சேர்த்துக்கொண்டார்கள்.
கோபத்துக்கும் ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம்.

போட்டுக் கொடுத்தேன். போடாமல் என்ன,
எனக்கும் இரண்டு மாதம் பாக்கி.
ஆனால் கீழ்வரியைத் தனிப் பட்டையாக அச்சடித்தேன்.
“சைஸ் பத்தல பாய். கயிறு வேணாம், டேப் போதும்.”
கவுஸ் பாய் என்னைப் பார்த்தார்.
வெளியே ஆடிக் காற்றைப் பார்த்தார்.
டேப்பையும் பாதியாகக் கிழித்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது நெடுஞ்சாலையில்
ஒரே ஒரு கேள்வி நின்றது,
எந்தக் கடையின் பெயரும் இல்லாமல்.
அன்றைக்கு பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.
கழுத்தைத் திருப்பித் திருப்பி
வாசித்துக்கொண்டே போனார்கள்.

சம்பளம் வந்ததா என்று கேட்பீர்கள்.
ஆவணியில் ஒரு மாதத்துக்கானது வந்தது என்கிறார்கள்.
கேள்வியால்தான் வந்தது என்று காட்ட
என்னிடம் பில் எதுவும் இல்லை.

நேற்று கிரீன் சர்க்கிள் சிக்னலில் ரேணுகாவைக் கண்டேன்.
வண்டியின் கிழிந்த சீட்டுக்கு
அரக்குச் சிவப்பில் ஓர் உறை,
ஓரம் மடித்து, ஷூ தைக்கிற நூலால் தைத்தது.
என் எழுத்துரு, நான் வைத்த இடைவெளி.
அவள் உட்கார்ந்திருந்ததால்
முழு வார்த்தை தெரியவில்லை.

பச்சை விழுந்தது.
ஹாரன்களுக்கு நடுவே, கொஞ்சமும் அவசரமில்லாமல்,
பழைய எக்ஸெல் வண்டியின் மேல்
அம்பாரி
சத்துவாச்சாரிப் பக்கம் அசைந்து போயிற்று.