மூன்றரை விரலுக்கு ஒரு பிடி

பெட்டி கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது.
உள்ளே நாலு துண்டாய் ஒரு வெறுங்கோல்,
ஈர்க்குச்சி போல ஒரு நுனி,
பன்னிரண்டு தக்கை வளையங்கள்,
ரீலுக்கு ஓர் இருக்கை.
கூடவே வந்த தாள்
ஐந்து விரல்காரனுக்கு எழுதப்பட்டிருந்தது.

எனக்கு வலக்கையில் மூன்றரை.
மிச்சம் ஒன்றரையை
மூன்றாம் நம்பர் ரோலர் எடுத்துக்கொண்டது,
கொழுந்து மலிந்த ஓர் ஏப்ரலில்.
கந்தப்பளை பெக்டரியில் அந்த ரோலருக்கு
இன்றைக்கும் நான்தான் ஃபிட்டர்.
கிரீஸ் போடுகிறேன். பேரிங் மாற்றுகிறேன்.
அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

முதல் சிக்கல் இருக்கையில்.
துளை பெரிது, கோல் சிறிது.
ஆசாரியும் மேசனும் சொல்வார்களே ஒரு நூல்,
அங்குலத்தில் எட்டில் ஒன்று, அவ்வளவு ஆட்டம்.
மெஷினில் ஒரு நூல் ஆடினால் விரல் போகும்.
இதில் ரீல் கழன்று ஆற்றோடு போகும்.
பெயின்ட்காரர் டேப்பை
இடைவெளி விட்டு மூன்று இடத்தில் சுற்றினேன்.
பதினொரு சுற்றில் தொளதொள,
பதின்மூன்றில் ஏற மறுத்தது,
பன்னிரண்டில்
ஒரு சின்ன மூச்சு விட்டு உட்கார்ந்தது.

கோலுக்கும் முதுகு உண்டென்று
அதுவரை எனக்குத் தெரியாது.
வளைத்து மேசையில் உருட்டினால்
ஓரிடத்தில் துள்ளி நிற்கிறது, முரட்டுக் கழுதை.
அங்கே பென்சிலால் ஒரு புள்ளி.
வளையங்கள் எல்லாம் அந்தப் புள்ளியைப் பார்த்து.
பச்சை நூலைச் சுற்றிச் சுற்றி
முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேன்;
போன விரலின் வேலையைப் பல் பார்த்தது.

பிடிதான் பிடிபடவில்லை.
தாளில் சொன்ன அளவில் தக்கையைக் கடைந்தேன்,
வீசும்போது உள்ளங்கையில் புரண்டது.
மெலிதாக்கினேன், இன்னும் புரண்டது.
ரப்பர் சுற்றினேன், கை வியர்த்தது.
"இடக்கையால் வீசேன்" என்றான்
எலெக்ட்ரீஷன் செபஸ்தியான்.
இடக்கைதான் சரடை இழுக்க வேண்டும்,
அதற்கும் வேலை இருக்கிறது என்றேன்.

யோகராணிக்கு ஆஸ்பத்திரியில் இரவுமுறை.
ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன்.
கரண்ட் போனது.
உருண்டை விழுந்துவிடுமோ என்று
இருட்டில் இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.
கரண்ட் வந்தபோது
மாவில் என் கை இருந்தது:
மூன்று பள்ளம், ஓர் அரைப் பள்ளம்,
அப்புறம்
இல்லாத விரலின் இடத்தில்
மா பிதுங்கி மேடாக நின்றது.

அன்றைக்கு ரொட்டி இல்லை.
மாவைக் காயவைத்துக் காலிப்பரால் அளந்து,
புதுத் தக்கை ஒட்டி,
அந்த மேட்டை மட்டும் விட்டுவிட்டு
மற்றதை உப்புத்தாளால் தேய்த்தேன்.
அசிங்கமாகத்தான் இருந்தது.
"மாசமான கத்தரிக்காய்" என்றாள் யோகராணி.
பிடித்துப் பார் என்றேன்.
அவள் கைக்குப் பொருந்தவில்லை.
செபஸ்தியானுக்கும் பொருந்தவில்லை.
ஐந்து விரல் உள்ள எவருக்கும் பொருந்தாது.
அதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை, பாலத்துக்குக் கீழே.
இறுகிய மூட்டு ஒன்றுக்கு மெழுகுவர்த்தி தேய்த்து
நாலையும் ஒன்றாக்கினேன்.
தண்ணீர் முழங்காலைக் கடித்தது.
முதல் வீச்சு.
கோல் புரளவில்லை.
சரடு பின்னால் நீண்டது, அழகாக நீண்டது,
முன்னால் வரவில்லை.
கரையில் இருந்த தேயிலைச் செடியை
பொய் ஈ கவ்விக்கொண்டிருந்தது.
இழுத்தேன்:
இரண்டு இலை, ஒரு மொட்டு.
கங்காணிகூடக் குறை சொல்ல முடியாத பறி.

நுனி வளையம் ஒரு மயிரிழை
இடப்பக்கம் சாய்ந்திருப்பதை
அப்போதுதான் பார்த்தேன்.
கல்லுக்கருகே ஏதோ ஒன்று,
டிரவுட்டோ மேகத்தின் நிழலோ,
இடம் மாறி நின்றது.
நுனியைச் சூடாக்கினால் பசை இளகும்,
திருப்பிவிடலாம்.
பையைத் துழாவினேன்.
லைட்டர் செபஸ்தியானிடம்.