புளியாரை

மூன்று இலை இருந்தால் போதும் என்றாள்,
லிமெரிக்கில், காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில்,
ஈரக் கூந்தலை ஒரு கையால் முறுக்கியபடி.
"இங்க எல்லாரும் சட்டையில குத்துறவை.
பின்னேரம் நீங்களும் குத்திக்கொண்டு நில்லுங்கோ,
நான் பார்க்கவேணும்."

கடற்கரை வீதியில் ஷாம்ராக் விற்கும் கடை இல்லை.
கிணற்றடிக் கல்லிடுக்கில் புளியாரை இருந்தது.
டிலோமி முழங்காலில் ஊர்ந்து பிடுங்கினாள்.
அபிஷன் ஒன்றைத் தின்று, முகம் சுளித்து,
இன்னொன்றும் தின்றான்.

பச்சைச் சட்டை தேடி அலுமாரியைக் கவிழ்த்தோம்.
எனக்கு அகப்பட்டது
ஒரு காலம் இந்த ஊரில்
எங்களில் ஒருவரும் உடுத்தத் துணியாத பச்சை.
"ஏனப்பா திரும்ப மடிக்கிறீங்கள்?"
"சாயம் போட்டுது" என்றேன்.
விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய இல்லத்து நாடா
என் கைக்கு வந்தது.

ரம்பை இலையை அரைத்துப் பிழிந்து
மாவில் ஊற்றிக் குழைத்தேன்.
குழலிலிருந்து சரிந்த பிட்டு
பாசி பிடித்த தூண் மாதிரி இருந்தது.
மதிலுக்கு அப்பால் ரிஃப்கான், நோன்போடு:
"மாமா, மஃரிப் மட்டும் எனக்கும் ஒரு துண்டு
ஒளிச்சு வையுங்கோ."

அவிகிற நேரத்தில் கதை சொன்னேன்.
பற்றிக் என்றொரு புனிதர்,
அந்த நாட்டுப் பாம்பையெல்லாம்
கடலுக்குள் விரட்டினவராம்.
"எந்தக் கடலுக்குள்ள?"
அபிஷன் டச்சு விரிகுடாப் பக்கம் பார்த்தான்.
"அப்ப எல்லாம் இங்கதான் வந்திருக்கு."
போன மாதம் குளியலறையில் கண்ட சாரையின்
பூர்வீகம் அன்றைக்குத் தெளிந்தது.
டிலோமிக்கு வேறு கவலை:
"அங்க நாகதம்பிரானுக்கு ஆர் பால் வைக்கிறது?"

மதிலில் வைத்த தட்டை மறந்துபோனோம்.
கொம்பில் பொலித்தீன் பை சிக்கிய புள்ளிமான் ஒன்று
வீதியில் நின்றபடியே கழுத்தை நீட்டி
அயர்லாந்து முழுவதையும் மென்று முடித்தது.
டிலோமி அழவில்லை, கல்லெடுத்தாள்.
எறியவுமில்லை.

ஐந்தரைக்கு அழைப்பு வந்தபோது
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு இலைதான் மிச்சம்.
அதுவும் மடிந்து, குடை சுருக்கியதுபோல்,
அபிஷனின் பொத்தானில்.
அவளுக்குப் பின்னால் தாளில் வெட்டிய பச்சைத் தோரணம்,
சக்கர நாற்காலிகள், ஜன்னலில் மழை.
நாடா கட்டாத கையை டிலோமி கிள்ளக் காட்டினாள்.
"விசர்ப் பிள்ளை, இங்க ஒருத்தரும் கிள்ளுறேல்லை."

பிறகு திரைக்குள் இன்னொரு முகம் வந்தது.
தொண்ணூற்றொரு வயது, அவள் தலைவாரிவிடுகிற மனுசி.
பொத்தானை உற்றுப் பார்த்தது.
ஏதோ சொன்னது.
யசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்:
"அது ஷாம்ராக் இல்லையாம்.
சின்னனில பள்ளிக்கூடம் போற வழியில
இப்பிடி ஒண்டைப் பிடுங்கித் தின்னுறவவாம்.
உங்கட ஊரிலயும் புளிக்குமோ எண்டு கேக்கிறா."

அபிஷன் யோசிக்கவில்லை.
பொத்தானிலிருந்து இழுத்து வாயில் போட்டு,
ஒரு கண்ணை மூடி,
தலையை ஆட்டினான்.

பாங்கு கேட்டது.
மதிலுக்கு மேல் ஒரு கை மட்டும் எழும்பி
விரல்களை அசைத்தது.
பிட்டு ஆறிப்போயிருந்தது.